காரட்டின் இரண்டாம் ஆண்டு

மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், தாவரவியல்

'வேரின் மாற்றுருக்கள்' என்ற பாடத்தைத் தாண்டாமல் தாவரவியல் வகுப்புக்கு வந்தவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. கூம்பு வடிவத்துக்குக் காரட், கதிர் வடிவத்துக்கு முள்ளங்கி, பம்பர வடிவத்துக்குப் பீட்ரூட் அல்லது டர்னிப் என்று மனப்பாடம் செய்து, படமும் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். மூன்றையும் ஒரே வரியில் அடுக்கிப் படித்ததாலோ என்னவோ, மூன்றும் ஒன்றுக்கொன்று உறவு என்ற எண்ணம் நம் மனத்தில் தங்கிவிட்டது. பழைய தமிழ் அகராதிகளும் இதற்கு உடந்தை. காரட்டுக்கு அவை தரும் பெயர் 'மஞ்சள் முள்ளங்கி'.

உண்மையில் முள்ளங்கி கடுகின் குடும்பம். பீட்ரூட் நம் முளைக்கீரை, அரைக்கீரையின் குடும்பம். காரட்டோ கொத்தமல்லியின் குடும்பம். மண்ணுக்குள் உணவைச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற ஒரே தேவைக்கு மூன்று குடும்பங்கள் தனித்தனியே கண்ட விடைகளைத்தான் நாம் சாம்பாரில் ஒன்றாகப் போடுகிறோம்.

விடைகள் தனித்தனி என்பதைக் காண ஒரு பிளேடும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். காரட்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் வெளிறிய ஒரு வட்டமும், அதைச் சுற்றி அடர்ந்த நிறத்தில் தடித்த ஒரு வளையமும் தெரியும். நடுவில் இருப்பது சைலம். சுற்றி இருப்பது பெரும்பாலும் இரண்டாம் நிலைப் புளோயம். இரண்டுக்கும் இடையே மெல்லிய கோடாகத் தெரிவது கேம்பியம். நாம் விரும்பித் தின்னும் இனிப்பான பகுதி புளோயமே. முள்ளங்கியில் இது தலைகீழ். அங்கே சதைப்பற்றாகப் பெருத்திருப்பது சைலப் பகுதி. பீட்ரூட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கேம்பிய வளையங்கள் தோன்றுவதால், வெட்டிய முகத்தில் அம்புக்குறிப் பலகை போல வட்டத்துக்குள் வட்டம் தெரிகிறது. இது இயல்பு மீறிய இரண்டாம் நிலை வளர்ச்சி என்று நம் பேராசிரியர்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டியதுதான். ஆய்வுக்கூடத்தில் காரட் சீவலின் மீது அயோடின் கரைசலை இட்டுப் பாருங்கள். உருளைக்கிழங்கைப் போலக் கருநீலமாகாது. காரட் தன் சேமிப்பைப் பெரும்பாலும் மாவாக வைப்பதில்லை; சர்க்கரையாகக் கரைத்துச் செல்லின் நுண்குமிழில் வைத்திருக்கிறது.

குடும்பத்தைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். காரட் பூவை நம் பள்ளத்தாக்கில் பார்ப்பது அரிது. ஆனால் கொத்தமல்லி பூத்துப் பார்க்காதவர் இரார். ஒரு காம்பின் நுனியிலிருந்து குடைக் கம்பிகள் போலப் பல கிளைகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் மறுபடி ஒரு சிறு குடை. அதன் முனைகளில் பொடிப்பொடியான வெள்ளைப் பூக்கள். இதுவே அம்பெல் என்னும் குடை மஞ்சரி. சூற்பை அல்லிதழ்களுக்குக் கீழே அமைந்திருக்கும். கனி முற்றியதும் இரு பாதியாகப் பிரியும். மல்லி விதை என்று நாம் வாங்கும் உருண்டையைக் கையால் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கிறதே, அதுதான். உண்மையில் அது விதை அன்று, கிரிமோகார்ப் எனப்படும் உலர்கனி. அதன் சுவரில் நீளவாக்கில் எண்ணெய்க் குழல்கள் ஓடுகின்றன. மல்லிக்கும் சீரகத்துக்கும் சோம்புக்கும் ஓமத்துக்கும் மணம் தருபவை அக்குழல்களே. பெருங்காயம் இக்குடும்பத்து வேரிலிருந்து வடியும் பால். வல்லாரையும் இக்குடும்பமே. நம் அஞ்சறைப் பெட்டியில் பாதி காரட்டின் பங்காளிகள் என்று சொன்னால் மிகையாகாது. எல்லாப் பங்காளிகளும் நல்லவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கி.மு. 399இல் சாக்ரடீசுக்குக் கொடுக்கப்பட்ட ஹெம்லாக் நஞ்சும் இதே குடும்பத்துச் செடியிலிருந்து எடுத்ததுதான். அதன் இலைக்கும் காட்டுக் காரட்டின் இலைக்கும் வேறுபாடு காண்பது பழகிய கண்ணுக்கே எளிது.

காட்டுக் காரட் என்று ஒன்று உண்டா எனச் சிலர் வியக்கக்கூடும். உண்டு, இன்றும் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் மத்திய ஆசியாவிலும் சாலையோரத்துக் களையாக அது மண்டிக் கிடக்கிறது. அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களோடு சென்று அங்கும் பரவிவிட்டது. நம் நாட்டில் காஷ்மீரம் போன்ற மேற்கு இமயப் பகுதிகளில் வளர்கிறது. பழனி மலையின் புல்வெளிகளில் ஹெராக்ளியம், பிம்பினெல்லா போன்ற உறவுச் செடிகள் உள்ளனவே தவிர, காட்டுக் காரட் இல்லை. அதன் வேர் வெள்ளை, விரல் தடிமன்கூட இராது, நார்க்கட்டை. ஒடித்து முகர்ந்தால் மட்டும் காரட் மணம் வரும். வெள்ளைக் குடையின் நட்டநடுவே பெரும்பாலும் கருஞ்சிவப்பில் ஒரே ஒரு பூ இருக்கும். பூவின் மேல் ஏதோ பூச்சி அமர்ந்திருக்கிறது என்று தோன்றச் செய்து மற்றப் பூச்சிகளை அழைக்கவே அது என்பது ஒரு கருத்து. அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கனிகள் முற்றும்போது குடையின் கிளைகள் உள்நோக்கி வளைந்து குருவிக்கூடு போல மூடிக்கொள்ளும். ஈரக்காற்றில் மூடுவதும் உலர்ந்த காற்றில் விரிவதுமாக இருக்கும். கனியின் மேல் கொக்கி முட்கள் உண்டு. நாயுருவியைப் போல ஆட்டு ரோமத்தில் ஒட்டிக்கொண்டு பயணம் போவதற்கு அவை. கடையில் விற்கும் காரட் விதையில் அம்முட்கள் இல்லாதது, தேய்த்து நீக்கிவிடுவதால்தான்.

தாவர நூல்கள் காட்டுக் காரட்டையும் தோட்டக் காரட்டையும் டாக்கஸ் கரோட்டா என்ற ஒரே சிற்றினமாகவே கொள்கின்றன. இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை பதினெட்டே. அருகருகே நின்றால் தடையின்றிக் கலந்து விதை பிடிக்கும். 1830களில் பிரான்சின் விதை வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த வில்மோரின் என்பவர், காட்டுக் காரட்டைத் தோட்டத்தில் விதைத்து, தடித்த வேர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு சில தலைமுறையிலேயே உண்ணத்தக்க காரட்டைப் பெற்றதாக அறிவித்தார். அன்று அது பெரிய செய்தி. ஆனால் பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் ஈக்களோடு வந்து அவருடைய செடிகளில் புகுந்திருக்கும் என்ற ஐயம் பின்னாளில் எழுந்தது. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

இரண்டுக்கும் பொதுவான வாழ்க்கை முறைதான் இக்கட்டுரையின் மையம். காரட் ஓர் இருபருவத் தாவரம். முதல் ஆண்டில் அது பூவைப் பற்றி நினைப்பதே இல்லை. தரையோடு ஒட்டி இலைக்கொத்தை விரித்து, ஆக்கிய சர்க்கரையை எல்லாம் வேரில் இறக்கி வைக்கிறது. பிறகு குளிர்காலம் வருகிறது. மேலே இலை மடிகிறது. வேர் மண்ணுக்குள் காத்திருக்கிறது. குளிர் நீங்கியதும் வேரின் உச்சியிலிருந்து பூத்தண்டு ஆள் உயரம் வரைகூட எழுந்து, சேமிப்பு முழுவதையும் செலவிட்டுப் பூத்து, காய்த்து, செடி மடிகிறது. வேர் அப்போது உள்ளே வெறும் கட்டை. ஆக, நாம் காய்கறி என்று வாங்குவது ஒரு செடியின் பாதி வாழ்க்கையை. இரண்டாம் ஆண்டுக்கென்று அது கட்டி வைத்த சோற்றுமூட்டையை நாம் வழியிலேயே பறித்துக்கொள்கிறோம்.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. இங்கே அந்த இரண்டாம் ஆண்டு வருவதே இல்லை. தேனி, கம்பம் சந்தைகளில் குவிந்து கிடக்கும் காரட் நம் மண்ணில் விளைந்ததன்று. வடக்கே நம் தலைக்கு மேல் நிற்கும் கொடைக்கானல் மலையின் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் ஊர்களிலும், மேற்கே மலைக்கு அப்பால் வட்டவடை போன்ற ஊர்களிலும், நீலகிரியிலும் விளைகிறது. மலைமேல் வளரும் இவற்றை நம் பெரியவர்கள் 'இங்கிலீஷ் காய்' என்றே சொல்வார்கள். பள்ளத்தாக்கின் தரை ஏறத்தாழ 300 முதல் 400 மீட்டர் உயரம். கொடைக்கானல் மேல்மலை 2,000 மீட்டரை ஒட்டியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரைப் பாகை குளிரும் என்ற கணக்கை வைத்தால், நமக்கும் அவர்களுக்கும் பத்துப் பாகைக்கு மேல் வேறுபாடு. காரட்டின் வேர் நன்கு நீண்டு நிறம் பிடிக்க 15 முதல் 20 பாகை வெப்பம் ஏற்றது. மண் அதற்கு மேல் சூடானால் வேர் குட்டையாகும், வெளிறும், இனிப்புக் குறையும்.

தேவாரத்தில் என் தாய்மாமா ஒரு பருவம் அரைக்குழியளவு காரட் போட்டுப் பார்த்தார். முளைக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. விளைந்ததோ கட்டைவிரல் நீளம், நிறம் எலுமிச்சை, பாதி வேர்கள் இரண்டு கால் முளைத்தாற்போலக் கவைத்திருந்தன. கவைப்பதற்குக் காரணம் சரளை மண்ணும் சரியாக மட்காத எருவும். நிறமின்மைக்குக் காரணம் வெயில். "மாப்ள, இது மலையேறுன சாமி. கீழ எறங்காது" என்று சொல்லிவிட்டு, அடுத்த பருவம் பீட்ரூட்டுக்கு மாறினார். பீட்ரூட் நம் வெயிலைப் பொறுத்துக்கொள்கிறது. அதன் சிவப்பும் காரட்டின் நிறமும் வேதியியலில் முற்றிலும் வேறானவை என்பது போகிற போக்கில் சொல்ல வேண்டியது.

வேராவது குறையாகவேனும் வந்தது. பூ வரவே வராது. குளிர்நாட்டு வகைக் காரட், பென்சில் தடிமனுக்கு வேர் வைத்த பிறகு, ஏறத்தாழ 5 முதல் 10 பாகைக் குளிரில் ஆறு வாரம் போல இருந்தால்தான் அதன் நுனிமொட்டு பூக்கும் நிலைக்கு மாறும். இதற்குத் தட்பப்பதனம் என்று பெயர். நம் ஊர் மார்கழி இரவு பத்துப் பாகைக்கு இறங்குவதில்லை. எனவே இங்கே மண்ணில் விட்டுவைத்த காரட் பூக்காமலேயே அழுகிப் போகும்.

சென்ற ஆண்டு துறைச் சுற்றுலாவாக மன்னவனூர் சென்றிருந்தபோது, காரட் பிடுங்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் விதையைப் பற்றிக் கேட்டேன்.

"விதையா? டப்பாவுலதான் தம்பி வருது. நாம எடுக்குற விதை இல்ல இது."

"இங்கே குளிர் இருக்கிறதே ஐயா, பூ வராதா?"

"ஒண்ணு ரெண்டு ஓடும். பூ ஓடுச்சுன்னா வேரு கட்டை. புடுங்கி மாட்டுக்குப் போட்டுருவோம்."

"அதை விட்டுவைத்து விதை எடுத்தால்?"

அவர் சிரித்தார். "எடுத்தவுக இருக்காக. மொளைக்கும். ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. சந்தையில எவன் வாங்குவான்?"

அந்தப் பதிலுக்குள் ஒரு பாடநூலே இருக்கிறது என்று பின்னர்தான் எனக்குப் புலப்பட்டது. அதை விளக்குவதற்கு முன் தோட்டக் காரட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

காரட்டைக் காட்டிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டு வந்தது இன்றைய ஆப்கானிஸ்தானம், ஈரானை ஒட்டிய மத்திய ஆசியப் பகுதி. கி.பி. பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய அக்காரட்டுகள் ஊதாவும் மஞ்சளுமே. ஊதாவுக்குக் காரணம் கத்தரிக்காய்த் தோலில் உள்ள ஆந்தோசயனின். நாம் காரட் நிறம் என்றே பெயரிட்டுவிட்ட ஆரஞ்சு நிறம் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில், குறிப்பாக ஆலந்தில் நிலைபெற்றது. இந்தியாவுக்குக் காரட் இரு வழியாக வந்தது. வடக்கே தரைவழியாக வந்த ஆசிய வகை, தில்லி அல்வாவுக்குப் பெயர்பெற்ற சிவப்புக் காரட். அதன் சிவப்பு தக்காளியின் லைக்கோபீன். மார்கழி, தை மாதங்களில் நம் பக்கத்துக் கடைகள் சிலவற்றிலும் தலைகாட்டும். இவ்வகைக்குப் பூப்பதற்குக் கடுங்குளிர் தேவையில்லை. வட இந்தியச் சமவெளியிலேயே விதை எடுக்கலாம். தெற்கே நம் மலைகளில் ஏறியது கப்பல் வழி வந்த ஐரோப்பிய ஆரஞ்சு வகை. அதற்குக் குளிர் இல்லாமல் விதை இல்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இரண்டையும் கலந்து பூசா கேசர், பூசா மேகாலி போன்ற வகைகளை உருவாக்கியது. இமயச் சாரலில் குல்லு பள்ளத்தாக்கின் கட்ராயினில் உள்ள அதன் நிலையத்திலிருந்து பூசா யமதக்னி வந்தது. நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உதகையிலிருந்து ஊட்டி 1 என்ற வகையைத் தந்திருக்கிறது.

வேருக்கு எதற்கு நிறம்? இருட்டில் கிடக்கும் உறுப்புக்குக் கரோட்டீனால் ஆவது ஒன்றுமில்லை. இலையில்தான் அது பச்சையத்தோடு சேர்ந்து ஒளியைக் கையாளும் வேலை செய்கிறது. 1831இல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர் காரட்டிலிருந்தே முதலில் பிரித்தெடுத்ததால்தான் அப்பொருளுக்கே காரட்டின் பெயர் அமைந்தது. 2016இல் காரட்டின் மரபணுத்தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டு, சுமார் 32,000 மரபணுக்கள் கணக்கிடப்பட்டபோது ஒரு சுவையான செய்தி வெளிவந்தது. இருட்டில் ஒளிக்கான ஏற்பாடுகளை அடக்கி வைக்கும் கட்டுப்பாட்டில் ஒன்று தோட்டக் காரட்டில் பழுதுபட்டிருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் வேர் தான் வெளிச்சத்தில் நிற்பதாக எண்ணிக்கொண்டு, இலையைப் போலக் கரோட்டீனை ஆக்கிக் குவிக்கிறது. வண்ணக்கணிகங்களில் அது படிகமாகவே உறைந்து கிடக்கும். மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் ஊசிகளாகவும் தகடுகளாகவும் பார்க்கலாம். சாயம் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

அக்கரோட்டீனை நம் உடல் விட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது என்பது அனைவரும் அறிந்தது. அது குழந்தைகளின் உயிர்ப் பிரச்சினை என்பது அவ்வளவாக அறியப்படாதது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடையே நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் சிறிதளவு விட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. இதற்காகக் காரட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை என்பது என் கருத்து. வீட்டுக் கொல்லையில் காசில்லாமல் கிடைக்கும் முருங்கைக்கீரையில் கரோட்டீன் தாராளமாக இருக்கிறது. இரண்டையும் சிறிது எண்ணெயோடு வேகவைத்து உண்டால்தான் உடலில் நன்கு சேரும். பச்சையாகக் கடித்துத் தின்பதே சிறப்பு என்ற எண்ணம் அவ்வளவு சரியன்று.

இனி பூவுக்கு வருவோம். மன்னவனூர்ப் பெரியவரின் பேச்சு மனத்தை விட்டு நீங்காததால், சென்ற ஐப்பசியில் கம்பம் சந்தையில் இலைக்காம்பின் அடி ஒட்டியிருந்த, உச்சி வெட்டுப்படாத எட்டுக் காரட் வாங்கினேன். நான்கைத் தொட்டியில் உடனே நட்டேன். நான்கை ஈரத் துணியில் சுற்றி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் எட்டு வாரம் வைத்தேன். (அந்த எட்டு வாரமும் அவை குழம்புக்குப் போகாமல் காத்தது என் அம்மாவின் பெருந்தன்மை.) முதல் நான்கும் அழகாகத் தழைத்து, வெறும் இலையோடு நின்று, வெயில் ஏற ஏற அழுகின. குளிரில் வைத்த நான்கில் ஒன்று அழுகிற்று. ஒன்று இலையோடு நின்றது. இரண்டு மாசியில் பூத்தண்டு விட்டன. பங்குனி முதல் வாரத்தில் எங்கள் வீட்டு மாடியில் வெள்ளைக் குடை விரிந்தது.

காரட் பூவில் மகரந்தத்தாள்கள் முதலில் முதிர்ந்து உதிர்ந்த பின்னரே சூல்முடி பக்குவப்படும். அதனால் ஒரு பூ தன் மகரந்தத்தையே ஏற்பது இயலாது. ஈக்களும் தேனீக்களும் பூவுக்குப் பூ கொண்டு செல்ல வேண்டும். அயல் மகரந்தச் சேர்க்கை என்றால் சந்ததி கலப்படமாகத்தானே வரும்? பெரியவர் சொன்ன "ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது" என்பதற்கு இது முதல் காரணம். விதைக்காகப் பயிரிடுவோர் இரு வகைகளுக்கு இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளி விடுவதும் இதனால்தான்.

பூவைப் பறித்து வந்து துறையின் பிரித்தறி நுண்ணோக்கியில் வைத்தேன். ஐந்து அல்லிதழ்கள் சரியாக இருந்தன. அவற்றுக்கு உள்ளே ஐந்து மகரந்தத்தாள்கள் இருக்க வேண்டிய இடத்தில், பசுமை கலந்த வெள்ளையில் மேலும் ஐந்து சிற்றிதழ்கள் இருந்தன. மகரந்தப்பை இல்லை, மகரந்தத்தூள் ஒன்றுகூட இல்லை. இன்னொரு குடையிலிருந்து எடுத்தேன், அதுவும் அப்படியே. மற்றச் செடியிலும் அப்படியே. பேராசிரியரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீ வாங்கியது வீரிய ஒட்டுக் காரட், இது இதழ்வகை ஆண் மலட்டுத்தன்மை" என்றார்.

இதன் கதை வியப்பானது. இரு தூய வழிகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை ஒட்டு விதை, ஒரே சீரான, விளைச்சல் மிக்க காரட்டைத் தரும். மக்காச்சோளத்தில் ஆண் கதிரை ஒடித்துவிட்டு ஒட்டுச் சேர்க்கலாம். ஒரு செடியில் ஆயிரக்கணக்கில் பூக்கும் காரட்டில், கடுகளவு பூவின் மகரந்தத்தாளைக் கையால் நீக்குவது எங்ஙனம்? இயற்கையாகவே மகரந்தம் இல்லாத தாய்ச்செடி கிடைத்தாலன்றி முடியாது. 1953இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மங்கர் என்பவர் அத்தகைய செடியைக் கண்டார். அவர் கண்டது தோட்டத்தில் அன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் களையாக நின்ற காட்டுக் காரட்டில். மகரந்தத்தாள்களை இதழ்களாக மாற்றிவிடும் அந்தக் குறை, உட்கருவில் உள்ளதன்று, மைட்டோகாண்டிரியாவில் உள்ளது. மைட்டோகாண்டிரியா தாய்வழி மட்டுமே இறங்குவது. எனவே அந்தக் காட்டுச் செடியைத் தாயாக வைத்து, தலைமுறை தலைமுறையாகத் தோட்டக் காரட்டின் மகரந்தத்தையே தூவி வந்தால், உட்கரு முழுவதும் தோட்டக் காரட்டாகிவிடும். சைட்டோபிளாசம் மட்டும் காட்டினுடையதாக நிற்கும். இன்று உலகில் விற்கும் ஒட்டுக் காரட்டில் பெரும்பகுதி இவ்வகைத் தாய்வழியில் வந்தது. வேரைத்தானே விற்கிறோம், விதையை அல்லவே என்பதால் ஒட்டுச் செடியில் வளத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடும் செய்வதில்லை.

ஆக, கம்பம் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கிய அந்த ஆரஞ்சுக் காரட்டின் ஒவ்வொரு செல்லிலும், உணவை எரித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா, வெள்ளை வேர்க் காட்டுக் காரட்டினுடையவை! வேரில் வில்மோரின் தேடிய உறவு இங்கே செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

என் இரண்டு செடிகளிலும் விதை பிடிக்கவில்லை. ஈக்கள் மொய்த்தன, கொசுத்தேனீ வந்தது, கொண்டு வர மகரந்தம்தான் எங்கும் இல்லை. சூற்பைகள் சித்திரைக்குள் காய்ந்து உதிர்ந்தன. மலை உழவர் தம் விதையைத் தாமே எடுக்க முடியாமல் டப்பாவுக்குக் காத்திருப்பதற்கு இதுவே இரண்டாம் காரணம். ஒட்டு விதையால் அவருக்கு நன்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே அளவில் வராத காரட்டைச் சந்தையில் யாரும் தொடுவதில்லை என்பதை அவரே சொன்னார். ஆனால் ஒரு கிராமில் நூற்றுக்கணக்காக அடங்கும் அந்தச் சிறு விதைக்கு ஒவ்வொரு பருவமும் அவர் வேறொருவர் நிர்ணயித்த விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊட்டி 1 போன்ற ஒட்டல்லாத வகைகளில், நல்ல வேர்களைப் பிடுங்கித் தேர்ந்து, இலையைக் கழித்து, மேல்மலைக் குளிரில் மறுபடி நட்டு விதை எடுக்கும் முறை இருக்கிறது. அதற்கு ஓராண்டுக் காலம் நிலத்தை ஒதுக்க வேண்டும். சிறு உழவர் ஒருவர் தனியாகச் செய்யும் காரியம் அன்று அது. நாலைந்து பேர் சேர்ந்தால், அல்லது ஊருக்கு ஒரு நிலம் ஒதுக்கினால், முடியாததும் அன்று.

பூவும் விதையும் இல்லாமல் காரட்டைப் பெருக்க முடியாதா என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. 1902இல் ஆஸ்திரிய அறிஞர் ஹேபர்லாண்ட், ஒரு தனிச் செல்லிலிருந்து முழுச் செடியை வளர்க்க முடியும் என்று ஊகித்தார். அவரால் செய்து காட்ட முடியவில்லை. அதைக் கண்கூடாகக் காட்டியது காரட். ஸ்டூவர்டும் அவருடைய குழுவினரும், காரட் வேரின் புளோயத் துணுக்குகளை வளர்தளத்தில் இட்டார்கள். அவை சோம்பிக் கிடந்தன. அவற்றைத் துள்ளி எழச் செய்தது தேங்காய்த் தண்ணீர். 1948இல் அவ்விளைவை வெளியிட்டார்கள். பத்தாண்டு கழித்து, 1958இல், பிரிந்து மிதந்த செல்களிலிருந்து கரு போன்ற உருக்களையும் முழுச் செடியையும் பெற்றார்கள். கருவுக்கு உணவூட்டும் முளைசூழ்தசை நீர்மமாக இருப்பதே தேங்காய்த் தண்ணீர். அதில் செல் பகுப்பைத் தூண்டும் ஹார்மோன்கள் இருப்பது பிறகு தெரிந்தது. சின்னமனூர்ப் பக்கம் ஏக்கர் கணக்கில் ஒரே சீராக நிற்கும் திசு வளர்ப்பு வாழைகளைப் பார்க்கும்போது, வாழைக்கு நுனிமொட்டைக் கொண்டு செய்யும் அந்த வேலைக்குப் பின்னால் நிற்கும் நம்பிக்கை காரட்டும் தேங்காயும் சேர்ந்து தந்தது என்று எனக்குத் தோன்றும்.

வரும் ஐப்பசியில் குளிர்ப்பெட்டியில் மறுபடி எட்டு வேர் வைக்கப் போகிறேன். நான்கு சந்தைக் காரட்; நான்கு உதகையிலிருந்து வரவழைக்கும் ஊட்டி 1. இரண்டும் ஒரே வாரத்தில் பூத்தால், மகரந்தமுள்ள பூ மகரந்தமற்ற பூவுக்கு அருகில் நிற்கும். பங்குனியில் மாடிக்கு வரும் ஈக்கள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். விதை பிடித்தால், முட்களோடு அதைத் துறையின் பாடச்சேமக் காட்சியகத்தில் வைக்கப் பேராசிரியர் இசைந்திருக்கிறார்.